சிவக்காத தோலும் புண்படும்

சர்க்கரை நோயாளியின் கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒட்டிய இடம் அரித்தால், "சிவக்கவே இல்லையே, இது அலர்ஜி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சிலர் வாதிடுகிறார்கள். தெற்காசியர் செறிந்து வாழும் லண்டனின் சவுத்தாலில் இந்த வாதம் ஆபத்தானது. சிவப்பை மட்டும் தேடுவது வெள்ளைத் தோலுக்கான அளவுகோல். மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். சில வேளை கண்ணுக்குத் தப்பி, தடிப்பும் சூடுமாக விரலுக்குத்தான் தட்டுப்படும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே 2020இல் 'மைண்ட் த கேப்' கையேட்டைக் கொண்டுவந்ததே, மருத்துவக் கல்வியின் இந்தக் குறையைச் சுட்டத்தான்.

பொறுத்துக்கொள்ளச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. பசையை உரிக்கும்போது வரும் வெறும் எரிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒவ்வாமையோ ஒட்டிய எல்லையைத் தாண்டிப் பரவலாம், நீர் கோத்த சிறு கொப்புளங்கள் எழலாம், ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் திரும்ப வரும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை அணிந்த பலரின் தோலைப் புண்ணாக்கியது அதிலிருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் என்பது 2017இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 2020இல் அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் அதையே அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. இதையெல்லாம் சொன்னால் நோயாளிகள் பயந்து சென்சாரையே கழற்றிவிடுவார்கள் என்பது நியாயமான கவலைதான். ஆனால் காரணம் புரியாமல் அரிப்பில் தவிப்பவர்தான் முதலில் கழற்றுவார். ஐசோபோர்னைல் அக்ரிலேட்டையும் சேர்த்து, ஒவ்வாமைப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் விடை கிடைக்கும். அது இல்லாத வேறு சென்சாருக்கு மாறலாம். மருந்துகளைப் போலவே கருவிகள் பற்றியும் பிரிட்டனின் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் நோயாளியே நேரடியாகப் புகார் பதியலாம்.