வர வேண்டிய பணம்

பொருளாதாரம் மந்தமானால் சிறு தொழில்களுக்கு அரசு முதலில் நீட்டுவது கடன்தான். 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் 3 லட்சம் கோடி ரூபாயில் தொடங்கி, பின்னர் 5 லட்சம் கோடி வரை விரிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் பூட்டு தொங்கியிருக்கும் பட்டறைகள் ஏராளம். ஆனால் நெருக்கடி நேரத்தில் ஒரு சிறு தொழில் எங்கிருந்து பணம் புரட்டுகிறது, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று கணக்கை விரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியவருகிறது. கடன் கேட்டு நிற்பவர் என்று நாம் நினைக்கும் அந்தப் பட்டறைக்காரர் ஏற்கெனவே கடன் கொடுத்துவிட்டு நிற்கிறார். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனத்துக்கு வட்டியே இல்லாமல் கொடுத்திருக்கிறார். எப்போது திரும்பி வரும் என்று அழுத்திக் கேட்கவும் அவரால் முடியவில்லை. பில் பாக்கி என்ற பெயரில் அது அவருடைய கணக்குப் புத்தகத்தில் கிடக்கிறது. மந்த காலத்தில் சிறு தொழிலுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி அந்தப் பாக்கியை வசூலித்துக் கொடுப்பதுதான் என்பது என் வாதம். புதுக் கடன் அதற்குப் பிறகு வரட்டும்.

கோவை கணபதியில் வால்வு பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சரக்கை அனுப்பி 1 லட்சம் ரூபாய்க்குப் பில் போடுகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000. பார்ட்டியிடமிருந்து ஒரு ரூபாய் வராவிட்டாலும், அந்த 18,000 ரூபாய்க்கான வரிக் கணக்கை அடுத்த மாதமே முடித்தாக வேண்டும். இரும்பு வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். சரக்கை வாங்கிய நிறுவனமோ பணம் கொடுக்காமலேயே அந்த 18,000 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். 180 நாட்களுக்குள் பணம் தரவில்லை என்றால்தான் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆக, ஒரே பில்லில் பட்டறைக்காரர் வாங்கியவருக்கும் அரசுக்கும் சேர்த்து முதல் போடுகிறார். நல்ல காலத்தில் 60 நாளில் வரும் பணம் மந்தத்தில் 120 நாள், 150 நாள் என்று இழுக்கும். சனிக்கிழமை சம்பளம் காத்திருக்காது. இரும்புக் கடைக்காரர் தனக்கும் நெருக்கடி என்று ரொக்கம் கேட்பார். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் உண்டு.

இந்த இடத்தில் வங்கி என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு வைத்திருப்பவர் மாதாமாதம் சரக்கு இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் பட்டியலிட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பழைய பாக்கி வராமல் போகலாம் என்ற எச்சரிக்கை வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமானதே. ஆனால் விளைவைப் பாருங்கள்: பார்ட்டி இழுத்தடிக்க இழுத்தடிக்க, வங்கியில் எடுக்கும் வரம்பு சுருங்கிக்கொண்டே போகிறது. பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் இரண்டு வாசலும் ஒன்றாக மூடுகின்றன. அடுத்து வட்டி தவணை தவறும், சிபில் மதிப்பெண் இறங்கும், 90 நாள் கடந்தால் கணக்கே வாராக்கடன். இத்தனைக்கும் அவர் செய்த வேலையில் குறை ஏதும் இல்லை. சரக்கு தரத்தோடு, நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம் எங்கே போவார்? முதலில் வீட்டு நகை. தமிழ்நாட்டுச் சிறு தொழிலின் உண்மையான சேமநிதி பீரோவில் இருக்கிறது. அது பெரும்பாலும் மனைவியின் நகை, அல்லது மகளுக்கென்று சேர்த்து வைத்தது. தொழிலின் லாபநட்டக் கணக்கில் அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் நெருக்கடியில் கடைசிவரை முதல் போடும் பங்குதாரர்கள் அவர்கள்தான். அரசுக்கும் இது தெரியும். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வேளாண்மை அல்லாத தேவைகளுக்கு வங்கிகள் தரும் நகைக்கடனின் உச்சவரம்பை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்தி, 2021 மார்ச் 31 வரை அந்தச் சலுகையைக் கொடுத்தது. தங்கம் அன்றைய உச்ச விலையைத் தொட்டிருந்த மாதம் அது. சலுகை முடிந்த மார்ச்சுக்குள் விலை கணிசமாக இறங்கிவிட்டது. உச்ச விலையில் 90 சதவீதம் வாங்கியவருக்கு நகையின் மதிப்பே கடனுக்குப் போதாமல் போனது. ஒரு நிறுவனம் தர வேண்டிய பணத்தைத் தராததற்கு ஒரு குடும்பத்தின் தாலிக்கொடி ஈடாக நிற்பது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை.

நகைக்கு அடுத்தது சீட்டு. 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. சாதாரண மாதத்தில் அவசரக்காரர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள்; பத்து, பதினைந்தாயிரம் தள்ளி எடுத்துவிடலாம். ஊரே திணறும் மாதத்தில் பாதிப்பேர் ஏலத்தில் போட்டி போடுவார்கள், தள்ளு 30,000 வரை ஏறும். கையில் 70,000 வாங்கிக்கொண்டு ஒரு லட்சத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். கைமாத்துக்கும் இதே கதிதான். திருப்பூரில் பின்னலாடை தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் பட்டறை வைத்திருப்பவரின் மைத்துனர் செக்கிங் செய்பவர், சம்பந்தி பிரிண்டிங் பட்டறைக்காரர். ஆர்டர் நின்றால் மூவருக்கும் ஒரே வாரத்தில் நிற்கும். சொந்தமும் சீட்டும் தனி ஒருவருக்கு வந்த கஷ்டத்தைத் தாங்குவதற்காகப் பிறந்தவை. ஒரு தொழிலே மொத்தமாகச் சரியும்போது, எல்லோரும் ஒரே கிணற்றில் வாளி விட்ட கதையாகிவிடுகிறது. மிஞ்சுவது தண்டல். 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூலித்தால், பார்ப்பதற்கு ஆயிரம் ரூபாய் வட்டிதான். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதிக வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. சம்பள நாளன்று அந்தச் சட்டத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அரசின் கடன் திட்டம் இந்தக் கண்ணியை உடைத்ததா? ஓரளவுக்கு மட்டும். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகத் தரப்படும் என்பது அதன் தொடக்க விதி. வங்கிக்கு 9.25 சதவீதம், பிற நிதி நிறுவனங்களுக்கு 14 சதவீதம் என வட்டிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வங்கிக் கடனே வாங்காமல் நகையையும் சீட்டையும் நம்பி ஓட்டியவருக்கு இந்த விதியில் இடமில்லை, பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே. வாங்கியவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கடனில் ஒரு பங்கு, வராத பில்லின் ஓட்டையை அடைக்கப் போயிருக்கும். அதாவது வேறொருவர் செய்த தாமதத்துக்கு இவர் வட்டி கட்டியிருக்கிறார்.

பாக்கியைச் சீக்கிரம் கொடுத்தால் மட்டும் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று கேட்கலாம். இதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான சான்று உண்டு. 2008 நெருக்கடியின் பாதிப்பு தீராத 2011இல், தனக்குச் சரக்கும் சேவையும் தரும் சிறு நிறுவனங்களுக்கு 30 நாளில் கொடுத்துவந்த பணத்தை 15 நாளில் கொடுப்பது என்று அங்குள்ள மத்திய அரசு முடிவெடுத்தது. புது மானியம் எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியதை இரண்டு வாரம் முன்னதாகக் கொடுத்தார்கள், அவ்வளவே. ஜான் நோயல் பரோ, ராமனா நந்தா என்ற இரு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். முன்கூட்டி வந்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த நிறுவனங்களின் ஆண்டுச் சம்பளச் செலவு ஏறக்குறைய 10 சென்ட் கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி புதிதாக ஆள் எடுத்ததால் வந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: வேலையின்மை குறைவாக இருந்த பகுதிகளில் இந்த நிறுவனங்கள் எடுத்த ஆட்கள் மற்ற நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள், அதனால் மொத்த வேலைவாய்ப்பில் பலன் சொற்பம். வேலையின்மை அதிகமாக இருந்த பகுதிகளில்தான் உண்மையான பலன் தெரிந்தது. சரியான நேரத்துக்குப் பணம் தருவது மந்த காலத்துக்கே உரிய மருந்து என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மாநில அளவிலான வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் நிறுவனம் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிடக் கடுமையாக எழுத முடியாது. ஆனால் அடுத்த மாத ஆர்டரும் அதே பார்ட்டியிடமிருந்து வர வேண்டியவர் எப்படி வழக்குப் போடுவார்? அந்தக் குழுவின் படியேறுபவர் பெரும்பாலும் உறவு முறிந்தபிறகே ஏறுகிறார். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் புத்திசாலித்தனமானது. கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம் என்றது அது. சிறியவர் வாயைத் திறக்காமலே பெரியவருக்கு வலிக்கும்படியான ஏற்பாடு.

அந்தத் திருத்தத்துக்கு வந்த எதிர்ப்பு கவனிக்கத் தக்கது. இப்படி நெருக்கினால் பதிவு செய்யாத பட்டறைகளுக்கும், விதிக்கு உட்படாத நடுத்தர நிறுவனங்களுக்கும் ஆர்டர் போய்விடும் என்று 2024 தொடக்கத்தில் சிறு தொழில் தரப்பிலிருந்தே குரல் வந்தது. அந்தப் பயம் நியாயமானது. சின்னவருக்குத் தரும் பாதுகாப்பு அவரை ஒதுக்கவே காரணமாகிவிடக் கூடாது. ஆனால் அதற்காக விதியைத் தளர்த்தினால், தாமதமாக வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பவருக்கே ஆர்டர் என்ற பழைய ஏலம் தொடரும். விதியை நடுத்தர நிறுவனங்களுக்கும் விரித்தால், ஆர்டரை மாற்றுவதில் வாங்குபவருக்கு இருக்கும் லாபம் வெகுவாகக் குறையும்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. வாங்குபவர் எல்லோரும் பெரிய முதலாளிகளா? 2020 மார்ச்சில் மேலைநாட்டு பிராண்டுகள் ஆர்டர்களை ரத்து செய்தும் நிறுத்தியும் வைத்தபோது, திருப்பூர் ஏற்றுமதியாளருக்கே பணம் வரவில்லை. அவர் டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் எங்கிருந்து கொடுப்பார்? அவரும் பெரும்பாலும் சிறு, நடுத்தர நிறுவனம்தான். உண்மை. ஆனால் ஒரு சங்கிலியில் யாராவது ஒருவர் சுமையைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், குறைந்த வட்டிக்குக் கடன் கிடைப்பவர் தாங்குவதே எல்லோருக்கும் மலிவு. ஒற்றை இலக்க வட்டியில் கடன் கிடைக்கும் நிறுவனம் தன் தேவையை வங்கியில் எடுக்காமல், தண்டலுக்குப் போகும் பட்டறையின் தலையில் தள்ளும்போது, அந்தத் தொழிலின் மொத்த வட்டிச் செலவே பல மடங்கு கூடுகிறது. டிரெட்ஸ் என்ற இணையச் சந்தை இதற்காகவே 2017 முதல் இயங்குகிறது. வாங்கிய நிறுவனம் பில்லை ஒப்புக்கொண்டால், வங்கிகள் அந்த பில்லுக்கு ஏலம் கேட்டுச் சிறியவருக்கு உடனே பணம் தருகின்றன. வட்டி பெரியவரின் நாணயத்தை வைத்து அமைகிறது, அவர் பின்னால் கொடுக்கத் தவறினாலும் சிறியவரிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் சேர்வது இப்போது கட்டாயம். சேர்வது கட்டாயம் என்றாலும் பில்லை ஒப்புக்கொள்ள வேண்டியவர் வாங்கியவர்தான். அவர் ஒப்புக்கொள்ளாத பில்லுக்குப் பணம் பெயராது.

அரசுத் துறைகளுக்கு, முன்பு சொன்ன 2023 வருமான வரித் திருத்தம் பொருந்தவே பொருந்தாது, அவை வருமான வரி கட்டுவதில்லை. சிறு ஒப்பந்தக்காரரின் பில்லைக் கிடப்பில் போடும் அலுவலகம், தனியார் நிறுவனத்துக்கு 45 நாள் பாடம் எடுப்பதில் வலு இல்லை. மந்தம் வந்தால் அரசு முதலில் தன் மேசையில் கிடக்கும் பில்களைத் தீர்க்க வேண்டும். புதுத் திட்டமோ வங்கி உத்தரவாதமோ இதற்குத் தேவையில்லை. அடுத்து, தகவல். 45 நாள் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. பிரிட்டனிலும் பெரிய நிறுவனங்கள் 2017 முதல் தாங்கள் சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கின்றன. அங்கே அது பொது இணையதளத்தில் இருக்கிறது, யாரும் நிறுவனத்தின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இங்கே கணபதி பட்டறைக்காரர் புதுப் பார்ட்டியின் ஆர்டருக்கு மெஷினை ஓட்டத் தொடங்கும் முன், அந்தப் பார்ட்டி எத்தனை நாளில் பணம் தருகிறார் என்று தன் கைபேசியில் பார்க்க வழி வேண்டும். அதற்கான விவரத்தை வாங்கும் படிவத்தை அரசு ஏற்கெனவே வைத்திருக்கிறது.