சாமி வரல, சீனி இறங்கிடுச்சு

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்ல விரதம் இருக்கிறவங்க யாராவது இனிப்பு நீருக்கு மாத்திரை போடுறாங்கன்னா, தயவுசெஞ்சு முழுசா படிச்சிடுங்க.

போன கந்த சஷ்டி, ஐந்தாம் நாள். கரங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் அக்கா ஒருவர், சாயங்காலப் பூஜையில் கைகால் நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசினார். நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? அருள் வந்துடுச்சுன்னு விபூதி பூசி, சுத்தி நின்னு கும்பிட்டோம். அவர் மகள் ஓடிவந்து, "அம்மாவுக்கு இனிப்பு நீர். காலையில வெறும் வயித்துல மாத்திரை போட்டாங்க"ன்னு கத்தின பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. சீனி நிறையப் போட்ட தே ஓ குடிக்க வச்சோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். உடனே கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம்.

அவர் போட்டது கிளிக்லசைட். கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை அது. நாம் சாப்பிட்டோமா, பட்டினியா என்று பார்க்காது. சீனி 4-க்குக் கீழே போனால் நடுக்கம், வேர்வை, குழப்பம் வரும். கவனிக்காவிட்டால் மயக்கம், உயிருக்கே ஆபத்து.

எங்களில் ஒருவர் கதை வேறு. மெட்ஃபார்மின் போட்டதும் வயிற்றுப்போக்கு. கோயில் வேலை நேரத்தில் அடிக்கடி கழிவறைக்கு ஓட வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் நிறுத்திவிட்டார். சீனி ஏறி, காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. டாக்டரிடம் சொன்னதும், மெதுவாகக் கரையும் அதே மருந்தை மாற்றிக் கொடுத்து, சாப்பாட்டோடு போடச் சொன்னார். இப்போது தொந்தரவு இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் வீணாகியிருக்காது.

"இங்கிலீஷ் மருந்து கிட்னிய கெடுத்துடும்"னு நம்ம ஆளுங்க சொல்றாங்க. கட்டுப்பாடில்லாத சீனிதான் கிட்னியைக் கெடுக்கும். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், நிறுத்தவும் செய்வார்கள். ரத்தப் பரிசோதனை அதற்கும்தான். இன்னொன்று: மெட்ஃபார்மினுக்கு வழிகாட்டியதே ஐரோப்பாவின் பழைய மூலிகைச் செடி ஒன்றுதான். பிரான்சில் 1957-ல் நோயாளிகளுக்குக் கொடுத்த விவரம் வெளியானது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களில் மட்டும் 31 பேருக்கு இருந்தது. அந்தக் கணக்கில், கோயில் வரிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இதை மறைத்து யாருக்கு லாபம்?

நம் மலாய் நண்பர்களைப் பாருங்கள். நோன்பு மாதத்துக்கு முன்பே கிளினிக் போய், மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்கிறார்கள். நாமும் சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் புரட்டாசி சனிக்கும் அப்படிக் கேட்கலாமே! டாக்டரிடம் கேட்பது பக்திக் குறைவு என்று நாங்கள் நினைக்கவில்லை. பால், பழம் எடுத்து இருக்கும் விரதமும் விரதம்தான். உடம்பு தாங்காதவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொந்தரவு இருந்தால் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். விரதத்துக்குச் சில வாரம் முன்பே கிளினிக் போங்கள். கோயிலுக்கு வந்ததும் எங்களிடம் "எனக்கு இனிப்பு நீர்"னு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஆலய நிர்வாகத்துக்கும் ஒன்று: அர்ச்சனைச் சீட்டு மேசையில் சீனி பார்க்கும் கருவியும் இனிப்புத் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். யாராவது நடுங்கினால் முதலில் சீனி பார்ப்போம். நினைவிருந்தால் இனிப்பு கொடுப்போம். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 999 அழைப்போம். விபூதியை அப்புறம் பூசிக்கொள்ளலாம்.

வேலும் மயிலும் துணை.