வக்கீலுக்கு 200 சதுர அடி, தையக்காரம்மாவுக்கு?

ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே வெச்சுப் பொருமிக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் கொட்டிடறேன்.

எங்க அண்ணி வீட்டு முன்னறையில ஒரு தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தெச்சுத் தர்றாங்க. போர்டு கிடையாது, வேலைக்கு ஆள் கிடையாது. நாலு தெருப் பொம்பளைங்கதான் வாடிக்கை. ரீடிங் எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துட்டு, "என்னம்மா, கடை நடத்துறீங்களா? கமர்ஷியலுக்கு மாத்துங்க, இல்லேன்னா ஃபைன்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னியில இருந்து அண்ணி ஜன்னலைச் சாத்திட்டுத் தைக்கிறாங்க. கள்ளச்சாராயம் காய்ச்சுற மாதிரி!

வெறும் மிரட்டல்னு தள்ளவும் முடியாது. 2003 மின்சாரச் சட்டம், 126-வது பிரிவு. எதுக்குன்னு சொல்லி இணைப்பு வாங்கினோமோ, அதை விட்டுட்டு வேற காரியத்துக்குக் கரண்ட் எடுத்தா, அந்தக் காரியத்துக்கான கட்டணத்துல ரெண்டு மடங்கு. எப்ப இருந்துன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா 12 மாசத்துக்குச் சேர்த்துத் தீட்டலாம். பயந்துபோய் கமர்ஷியலுக்கு மாறினா, 2016-ல இருந்து வீடுகளுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசம் போச்சு.

'சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே'ங்கறீங்களா? அங்கதான் இருக்கு சூட்சுமம். தமிழ்நாட்டு மின்கட்டண ஆணையில வீட்டுக் கட்டணப் பிரிவைப் படிங்க. தொழில்முறை வல்லுநர்கள் வீட்டை ஒட்டி 200 சதுர அடி வரைக்கும் ஆலோசனை அறை வெச்சுக்கலாம், வீட்டுக் கட்டணமே போதும். அதாவது டாக்டர், வக்கீல், ஆடிட்டர்... வீட்டுல கைத்தறி வெச்சிருக்கிற நெசவாளிக்கும் அதே சலுகை. கொடுக்க வேண்டியதுதான், ஒரு குறையும் சொல்லலை.

ஆனா துணியை நெய்தா வீடு, அதே துணியைத் தெச்சா கடையா? 25 வருஷமா அளவெடுத்து வெட்டித் தைக்கிற எங்க அண்ணி எந்த விதத்துல 'வல்லுநர்' இல்லை? கறுப்புக் கோட்டு போட்டாத்தான் வல்லுநரா? கோட்டைத் தெச்சுக் கொடுத்தா ஆகாதா?

'இவங்களுக்கு விட்டா, ஓட்டல்காரனும் வீடுன்னு சொல்வான்'னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். ஐயா, அதுக்குத்தானே 200 சதுர அடின்னு அளவுகோல் வெச்சிருக்கு? அதே அளவுகோலை இங்கயும் வைங்க. கூட்டம், வண்டி நெரிசல்னா, சாயங்காலம் டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியை எண்ணிட்டு வந்து அண்ணிகிட்டப் பேசுங்க.

சின்னதைச் சின்னதா நடத்தவே முடியாதுன்னு இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2011-ல வந்த விதிகளைப் பாருங்க. வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ளன்னா பெரிய லைசென்ஸ் வேண்டாம், 100 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணினா போதும்னு வெச்சாங்க. வீட்டுல ஊறுகாய் போடுறவங்க தலைநிமிர்ந்து போடலாம்.

நான் கேக்கிறது இலவசம் இல்லை, ஒரே ஒரு வரி. வீட்டு ஆளுங்களே செய்யுற எந்தக் கைத்தொழிலா இருந்தாலும், 200 சதுர அடி வரைக்கும் வீடுதான்னு அந்த ஆணையில சேருங்க. அண்ணி ஜன்னலைத் திறக்கட்டும்.

டிஸ்கி: ரீடிங் எடுக்க வந்தவர் மேல எனக்குக் கோபமே இல்லை. அவர் வீட்டம்மாவோட ஜாக்கெட்டும் யாரோ ஒரு வீட்டு முன்னறையில தெச்சதாத்தான் இருக்கும் :-)