துளை பெருசானா வேகம் கூடுமா?



இன்டர்வெல் மணி அடிச்சா நம்ம பசங்க பேச்சு ஒண்ணுதான். "சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி போர்ட்டிங் பண்ணா வண்டி பறக்கும்டா, செலவும் கம்மி!" உண்மையா? பாதி உண்மை!

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி, புகை வெளியே வரும் வழி, இரண்டுக்கும் பெயர்தான் போர்ட். வழியில் வார்ப்புப் பிசிறு இருந்தால் காற்று தடுமாறும். அதைத் தேய்த்து எடுத்தால் சக்தி கொஞ்சம் கூடும். இது சரி.

ஆனால் துளையையே பெருசாக்கினால்? தோட்டத்து ரப்பர் குழாயை விரலால் அழுத்துங்க, தண்ணி பீய்ச்சும். விரலை எடுங்க, வேகம் போச்சு! போர்ட்டும் அப்படித்தான். அகலமானால் மெதுவாக ஓட்டும்போது காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, இழுவை போயிடும்.

திண்டிவனம் பக்கம் என் பெரியப்பா மகன் 97.2 சிசி ஸ்பிளெண்டர் ஹெட்டை இப்படித்தான் குடைந்தான். காலி வண்டி நல்லாவே பறந்தது. மறுநாள் பெரியப்பா மல்லாட்டை மூட்டையோடு விழுப்புரம் கமிட்டிக்குக் கிளம்பினார். மேம்பாலம் ஏற முடியாமல் வண்டி முக்கியது. வேறு ஹெட் வாங்க பெரியம்மாவின் சீட்டுப் பணம் போனது. "வேகம் வேணாம்டா, மூட்டை ஏறுனா போதும்" என்றார் பெரியப்பா. அண்ணன் தலை குனிந்தான்.

"ஆர்எக்ஸ் 100-ல பண்றாங்களே?" என்பீர்கள். அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதில் போர்ட் இருப்பது சிலிண்டர் சுவரில், ஹெட்டில் அல்ல. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

என் கருத்து இதுதான். கற்க ஆசைப்படுவது தப்பில்லை, அப்பாவின் பிழைப்பில் சோதிப்பதுதான் தப்பு. காயலான் கடையில் பழைய ஹெட் கிடைக்கும். ஆசிரியர்களே, ஒன்றை வாங்கி இயற்பியல் ஆய்வகத்தில் வையுங்கள். அரமும் உப்புத்தாளும் நாங்கள் கொண்டு வருகிறோம்!

நமக்கு இன்னும் 18 வயசு ஆகலை நண்பர்களே. ரோட்டில் பறக்க அவசரம் வேண்டாம். முதலில் காற்றைப் படிப்போம், பிறகு வண்டியைத் தொடுவோம்!

– 12-ஆம் வகுப்பு மாணவன்