இரத்தம் உறிஞ்சும் பேய்: அசுரப் பிறப்பா, அச்சத்தின் பிறப்பா?

ஒக்டோபர் மாதம் முடியும் தறுவாயில் மேல்நாட்டுக் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில் எலும்புக்கூடுகளும், கோரைப்பற்களும், கறுப்புப் போர்வை போர்த்த பொம்மைகளும் வந்து குடியேறிவிடுகின்றன. பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை, இறந்தவன் எழுந்து வந்து இரத்தம் குடிப்பானாமே, அது உண்மையா என்று தாயிடம் கேட்கிறது. தீபாவளிப் பலகார வேலையில் இருக்கும் தாய், அதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். சில நாள் கழித்து அதே பிள்ளை நூல்நிலையத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்து, இந்தப் பேய்கள் எல்லாம் இந்தியாவிலிருந்துதான் வந்தன என்றும், காளிதான் அவற்றுக்குத் தாய் என்றும் இதிலே போட்டிருக்கிறதே என்று கேட்கும்போது தாயிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவது திருக்கோயிலைச் சார்ந்த ஒவ்வொரு குடும்பத்தின் கடமையுமாகும்.

இவ்விடயத்தில் இரு வகையான கருத்துகள் உலவுகின்றன. எல்லா நாட்டிலும் பிணத்தில் புகும் பேயைப் பற்றிய கதை இருப்பதால், உண்மையாகவே ஓர் அசுர இனம் இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றது, உலகத்திலுள்ள கதைகள் யாவும் பாரதத்திலிருந்தே சென்றன, எனவே வம்பயர் எனப்படும் இரத்தப் பேயும் அங்கிருந்தே சென்றது என்பது. முதற் கருத்தில் அச்சம் இருக்கிறது. இரண்டாவதில் வீண் பெருமை இருக்கிறது. இரண்டையும் ஆராய்ந்து பார்த்தே கொள்ள வேண்டும்.

பழமையை முதலில் நோக்குவோர்க்கு ஒன்று தெளிவாகும். மெசொப்பொத்தேமியா நாட்டு மக்கள் லமஷ்து என்னும் பெண் பேய்க்கு அஞ்சினார்கள். அது கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் கொல்லும் என்று நம்பித் தாயத்துகள் கட்டினார்கள். கிரேக்கர்கள் லாமியா என்ற பேயைப் பற்றி அவ்வாறே பேசினார்கள். பிள்ளைப்பேற்றில் தாயும் சேயும் மடிவது அன்றாட நிகழ்ச்சியாக இருந்த காலம் அது. காரணம் தெரியாத மரணத்துக்கு மனிதன் ஒரு முகத்தைக் கற்பித்தான். அந்த முகத்துக்குப் பல் வைத்தான், நகம் வைத்தான்.

இந்தியாவிலிருந்து நாடோடிகளாகச் சென்ற ரோமா மக்களே இந்தக் கதையை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள் என்று சொல்வாரும் உளர். ரோமா மக்களின் மொழி இந்திய மொழிகளோடு உறவுடையது என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால், அவர்கள் பால்கன் நாடுகளில் பரவியது ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டிலாகும். அதற்கு முன்னரே, 1047ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ருஷ்ய நூற்குறிப்பில் 'உபிர்' என்ற சொல் வந்துவிட்டது. கிரேக்கப் பேய்கள் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆகவே பாரதம் பெற்ற பிள்ளை இது என்று உரிமை கொண்டாடவும் வேண்டியதில்லை. பாரதத்தின் மீது பழியாகச் சுமத்துவதை ஏற்கவும் வேண்டியதில்லை.

இன்று திரைப்படங்களில் காணும் இரத்தப் பேய் எங்கே பிறந்தது என்பது ஏட்டிலேயே பதிவாகி இருக்கிறது. 1718ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சேர்பியாவின் ஒரு பகுதி ஒஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் வந்தது. 1725ஆம் ஆண்டில் அங்குள்ள கிசிலோவா என்னும் கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அதன் பின் எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் திடீர் நோயால் மாண்டனர். இறந்தவர் இரவிலே வந்து தங்கள் மீது படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று அவர்கள் சாகும்போது கூறினார்களாம். கல்லறையைத் திறக்க அனுமதிக்காவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்று மக்கள் அரசாங்க அதிகாரியை நெருக்கினர். திறந்து பார்த்தபோது உடல் அழுகாமல் இருந்தது. தாடியும் நகமும் வளர்ந்தாற்போல் தோன்றின. வாயில் இரத்தம் இருந்தது. மார்பிலே கூரிய கட்டையை அடித்து இறக்கி, உடலை எரித்துச் சாம்பலாக்கினர். அந்த அதிகாரி தமது மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், இதில் தவறு நேர்ந்திருந்தால் பழி தம்மைச் சாராது, அச்சத்தால் நிதானம் இழந்த மக்களையே சாரும் என்று எழுதி வைத்தார். அச்சமே அங்கு ஆட்சி செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அடுத்து மெத்வேஜா என்னும் ஊரிலும் இதுவே நடந்தது. மூன்று மாதத்துக்குள் 17 பேர் இறந்தனர். 1732ஆம் ஆண்டு தொடக்கத்தில் இராணுவ வைத்தியர் பிளுக்கிங்கர் என்பவர் கல்லறைகளைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதினார். அழுகாத உடல்களின் தலைகளை வெட்டி எரித்துச் சாம்பலை மொராவா ஆற்றில் கரைத்தனர். அந்த அறிக்கை ஐரோப்பா எங்கும் பரவியது. அதே ஆண்டில் இலண்டன் பத்திரிகைகளிலும் 'வம்பயர்' என்ற சொல் ஏறிவிட்டது. ஒரு கிராமத்தின் துக்கம் ஒரு கண்டத்தின் கதையாயிற்று. 1897இல் அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் டிராகுலா நாவலை வெளியிட்டபோது, வலாக்கியா நாட்டின் 15ஆம் நூற்றாண்டு மன்னன் ஒருவனின் பெயரை எடுத்து அந்தக் கதைக்குச் சூட்டினார். அந்த மன்னனின் தந்தை டிராகன் விருதுக் குழுவைச் சேர்ந்தவர் என்பதால் மகனுக்கு வந்த பெயர் அது. பிற்கால ருமேனிய மொழியில் 'டிராக்' என்றால் சாத்தான். பெயரிலே சாத்தான் ஏறியதைக் கண்டு வரலாற்றிலும் சாத்தானைத் தேடுவோர் ஏமாந்து போவார்கள்.

உடல் ஏன் அழுகாமல் இருந்தது என்று கேட்கலாம். 1755இல் மொராவியா எல்லைப் பக்கத்தில் ஒரு பெண்ணின் உடலைத் தோண்டி எரித்தார்கள் என்ற செய்தி மகாராணி மரியா தெரேசாவின் காதுக்கு எட்டியது. அவர் வைத்தியர்களை அனுப்பி விசாரித்தார். அரச வைத்தியர் ஜெராட் வான் சுவீட்டன், இவை யாவும் இயற்கையின் செயலும் அறியாமையின் விளைவுமே என்று ஆராய்ந்து எழுதினார். இறந்தோரைத் தோண்டும் வழக்கத்தை மகாராணி தடை செய்தார். இன்றைய வைத்தியமும் அதையே விரித்துரைக்கிறது. குளிர்ந்த மண்ணில் உடல் மெல்லவே அழுகும். தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகமும் முடியும் வளர்ந்தாற்போலத் தோன்றும். உள்ளே வாயு பெருகி உடல் உப்பும். அது அழுத்துவதால் செந்நிற நீர் வாயில் வழியும். கட்டையை அடிக்கும்போது அந்த வாயு தொண்டை வழியே வெளியேறினால் பிணம் முனகினாற்போலக் கேட்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தமிழர் சொல்லி வைத்தது எவ்வளவு பொருத்தம்!

இது கல்லாத கிராமத்தாரின் கதை மட்டுமன்று. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து எக்சிற்றர் என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மேர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயால் இறந்தாள். தாயும் தமக்கையும் அதே நோயால் முன்னரே போய்விட்டனர். தமையன் எட்வினும் படுக்கையில் கிடந்தான். இறந்தவளே தமையனின் உயிரை உறிஞ்சுகிறாள் என்று அயலார் கூறினர். குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே வைக்கப்பட்டிருந்த அவள் உடல் இரண்டு மாதத்தில் கெடவில்லை. இதயத்தை எடுத்து எரித்து, அந்தச் சாம்பலைத் தமையனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். அவன் இரண்டு மாதத்துக்குள் இறந்தான். காசநோய்க் கிருமியை ரொபேட் கொக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தது 1882இல். பத்து ஆண்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. ஆனால், பயந்த வீட்டுக் கதவை அந்தப் பதில் தட்டவில்லை.

இனி இந்து நூல்கள் கூறுவதைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகும். பிணத்தில் புகுந்து பேசும் வேதாளம், 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வருகிறது. 1870இல் ரிச்சட் பேர்ட்டன் அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை வம்பயர் என்றே தலைப்பில் பெயரிட்டார். குழப்பம் அங்கே வேரூன்றியது. வேதாளம் அரசனின் இரத்தத்தைக் குடிக்கவில்லை. அவனுடைய அறிவைச் சோதித்தது. நீதி எது என்று கதைக்குக் கதை கேட்டது. முடிவில், துறவி வேடம் பூண்ட வஞ்சகன் அரசனைப் பலியிடக் காத்திருக்கிறான் என்று எச்சரித்து உயிரைக் காத்ததும் அந்த வேதாளமே. காவி உடுத்தவன் கொலைகாரனாகவும் பிணத்தில் இருந்தது நண்பனாகவும் முடியும் கதை அது. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எது?

காளி இரத்தம் குடித்தாள் என்பதும் அவ்வாறே திரிக்கப்படுகிறது. தேவி மாகாத்மியத்தில் இரத்தபீசன் என்னும் அசுரனின் குருதி ஒரு துளி நிலத்தில் விழுந்தாலும் அங்கே இன்னோர் அசுரன் எழுவான். தீமை பெருகாதபடி அந்தக் குருதியை நிலத்தில் விழவிடாமல் ஏந்தியவள் அன்னை. பசிக்காக உயிரைக் கொல்லும் பேய்க்கும், உயிர்களைக் காக்க நஞ்சுக்கு ஒப்பானதை ஏற்ற தாய்க்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகள் அறிந்திருந்தால், நூல்நிலையப் புத்தகத்தைக் கண்டு தலை குனிய மாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு படி மேலான சான்றும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டைத் தெரியாமல் நெருங்கிய சார்ங்கலன் என்ற சிறுவன், அங்கே கூத்தாடிய பேயைக் கண்டு அஞ்சி ஓடி வந்து உயிர் விட்டான். பார்வையற்ற தாய் கோதமை, தன் மகனைப் பேய் கொன்றது என்று சம்பாபதித் தெய்வத்திடம் முறையிட்டாள். அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, அவனுடைய அறியாமை பற்றி ஊழ்வினையே உயிரைக் கொண்டது என்று தெய்வம் விடை கூறிற்று. இது பௌத்த காப்பியம் ஆயினும் தமிழர் அனைவருக்கும் பொதுவான செல்வம். மகாராணியின் வைத்தியர் 1755இல் எழுதியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சாவுக்குப் பேயைக் காரணமாகக் காட்ட வேண்டாம் என்று ஒரு தமிழ்ப் புலவர் தெய்வத்தின் வாயாலேயே சொல்லிவிட்டார்.

சைவ மரபோ பேயையும் தள்ளிவிடவில்லை. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேய் வடிவை விரும்பிக் கேட்டுப் பெற்றார். அவரை அம்மையே என்று அழைத்தவர் சிவபெருமான். அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க அவர் மட்டும் அமர்ந்திருக்கக் காண்கிறோம். சுடுகாடே ஆண்டவனின் ஆடரங்கு. பூதங்கள் அவன் கணங்கள். இறைவன் ஆடும் இடத்தில் அடியார்க்கு அச்சம் ஏது?

இறந்தோர் திரும்பி வருவர் என்ற கலக்கத்துக்குச் சமயம் வகுத்த மருந்து கிரியைகளாகும். இன்று தமிழில் பிரேதம் என்றால் பிணம்; வடமொழியில் அது இவ்வுலகை நீங்கிப் பிதிரர் உலகை இன்னும் அடையாத உயிரைக் குறிக்கும். அந்த உயிர்க்கு மார்பில் அடிக்கக் கட்டையைத் தேடவில்லை பெரியோர். எள்ளும் நீரும் தேடினர். எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம், ஆடி அமாவாசை விரதம் யாவும் பசியோடு வருவதாகக் கருதப்படும் உயிர்க்குச் சோறிட்டு வழியனுப்பும் அன்புச் செயல்களே. கிசிலோவா மக்கள் இறந்தவரைப் பகைவராகக் கண்டனர். ஆடி அமாவாசையில் கீரிமலைக் கடற்கரையில் நிற்கும் மகன் தந்தையைத் தந்தையாகவே காண்கிறான்.

அப்படியானால் இந்துக்கள் குற்றமற்றவர்களா? அதுவும் இல்லை. சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999இலும் ஜார்க்கண்ட் மாநிலம் 2001இலும் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் 2017ஆம் ஆண்டு, இரத்தம் உறிஞ்சுவோர் திரிகின்றனர் என்ற வதந்தி கிளம்பி, கும்பல்கள் ஐந்து பேருக்குக் குறையாமல் கொன்றன. ஐக்கிய நாடுகள் சபை இரு மாவட்டங்களிலிருந்து தன் ஊழியர்களை விலக்கிக்கொண்டது. இந்த வரலாறு முழுவதிலும் பேய் ஒருவரையும் கொன்றதற்குச் சான்று இல்லை. பேய்க்குப் பயந்தவர்கள் கொன்றதற்கே சான்று மிகுதி. அசுரனைத் தேடுவோர் அவனை அங்கேதான் தேட வேண்டும்.

புலம்பெயர்ந்த வீடுகளிலும் இந்த அசுரன் ஓசையின்றி நுழைவதுண்டு. இளம் பெண் உறக்கமின்றித் தவித்தால், மகன் தனக்குத்தானே பேசினால், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கூறிப் பணம் பறிப்பார் எங்கும் இருக்கின்றனர். நோய்க்கு வைத்தியர், துக்கத்துக்கு உறவினர், மன அமைதிக்கு ஆலயம் என்று கொள்வதே முறை. மூன்றில் ஒன்று மற்றதற்கு விரோதமன்று. வைத்தியரிடம் போகாதே என்று தடுக்கும் எவரும் சமயத்தின் பேரால் பேசத் தகுதியற்றவர்.

பிள்ளைகள் ஒக்டோபர் இறுதியில் முகமூடி அணிந்து விளையாடுவதைப் பெற்றோர் பெரும் பாவமாக எண்ண வேண்டியதில்லை. முகமூடியைக் கழற்றி வைத்த பின் அவர்களை அருகே அழைத்து வேதாளத்தின் கதையையும், கோதமையின் கண்ணீரையும், அம்மையாரின் பெருமையையும் சொல்லிக் கொடுக்கட்டும். கறுப்புப் போர்வைப் பொம்மைகள் நவம்பரில் கடைகளை விட்டுப் போய்விடும். வீட்டிலே கேட்ட கதை போகாது. மயானத்தில் நடமாடும் பெருமான், அச்சம் என்னும் இருளை அகற்றி, எல்லா உள்ளங்களிலும் தெளிவை அருள்வானாக.