லைன் குறைந்த தோட்டத்தில் ஏஆர்

கைப்பேசிக் கேமராவை நீட்டினால், எதிரே இல்லாத பொருள் இருப்பதுபோல் திரையில் தெரிவதுதான் ஏஆர் என்னும் மிகை மெய்மை. 2016-இல் போக்கிமோன் கோ வந்தபோது மலேசியாவிலும் பலர் அதன் பின்னால் தெருத்தெருவாக அலைந்தார்கள். இப்போது அது பாடத்துக்கும் சுற்றுலாவுக்கும் வருகிறது. ஆனால் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தில் அத்தகைய செயலியைத் திறந்தால், பெரும்பாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். “இங்கே லைன் சரியில்லை” என்று விட்டுவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

அந்தப் பாதியை மறுக்க முடியாது. கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. செம்பனை மட்டைகளின் ஈரம் அலைகளை உறிஞ்சிவிடுகிறது. 2021 இறுதியோடு 3ஜி நிறுத்தப்பட்டதால், 4ஜி எட்டாத இடத்தில் கைப்பேசி நேராக 2ஜிக்கு இறங்கிவிடும். அதில் ஒரு படம் வந்து சேர்வதே பெரும்பாடு.

மறுபாதி, செயலியைச் செய்தவர்களின் கையில் இருக்கிறது. பொருளைத் தரையில் அசையாமல் நிறுத்தும் வேலைக்கு நெட் வேண்டியதே இல்லை. நொடிக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிநொடி. அதற்குள் தொலைவிலுள்ள சர்வரைக் கேட்டுத் திரும்புவதை நம்பியிருக்க முடியாது. அதனால்தான் கூகுளின் ஏஆர்கோரும் ஆப்பிளின் ஏஆர்கிட்டும் அந்தக் கணக்கைக் கைப்பேசிக்குள்ளேயே போடுகின்றன. நெட் தேவைப்படுவது முப்பரிமாண உருவத்தை இறக்குவதற்கு. சில செயலிகளில் நிற்கும் இடத்தை அறிவதற்கு.

கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியை எடுத்துக்கொள்வோம். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்ட கோட்டை அது. பீரங்கிகள் இன்றும் இருக்கின்றன. அன்றைய மதிலைத் திரையில் எழுப்பும் உருவம் 40 எம்பி என்று வையுங்கள். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அது இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். பிள்ளைகளோடு வெயிலில் அவ்வளவு நேரம் யார் நிற்பார்? உருவம் கட்டப்பட்டுள்ள முக்கோணங்களைக் குறைத்து, டிராக்கோ போன்ற முறையில் சுருக்கி 4 எம்பிக்குக் கொண்டுவந்தால் அரை நிமிடம் போதும். அதிலும் மதிலின் வெற்றுருவத்தை முதலில் காட்டிவிட்டு, கல்லின் நிறத்தைப் பிறகு சேர்க்கலாம். நிற்கும் இடத்தை அறிய, கேமராப் படத்தைச் சர்வருக்கு அனுப்பத் தேவையில்லை. பீரங்கியருகே பலகையில் அச்சிட்ட ஒரு படமே போதும்.

அதே கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்கு மட்டும் ஏஆர் வேண்டாம். இருட்டில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. திரை வெளிச்சமும் அந்தப் பூச்சிகளுக்குத் தொல்லை.

தோட்டப் பிள்ளைகளுக்கோ இது பயன்படும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் என்னும் இடத்தில்தான் உருவானது. அந்த வரலாற்றை இங்குள்ள தமிழ்ப்பள்ளி மாணவர் பாடத்தாள்மேல் எழுப்பிப் பார்க்கலாம். பள்ளி வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வழியிருக்க வேண்டும். எத்தனை எம்பி என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், 80 விழுக்காட்டில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து இறக்கச் சொல்வது, பிரிபேய்ட் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தின் பணத்தை எடுப்பதாகும்.

இத்தகைய செயலிகளுக்குப் பணம் ஒதுக்கும் துறைகளும் பள்ளி வாரியங்களும், கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதை இறக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டு, செம்பனை நிரைக்கு நடுவே நின்று ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.