உடன்பிறந்தோரை வினவுதல்



புதியவர் ஒருவரைக் கண்டால் பெயரும் ஊரும் கேட்டபின், "உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று வினவுவது நம் வழக்கம். ஸ்பானிய மொழியில் இதைக் கேட்க விழைவோர், எதிரே நிற்பவர் தமக்கு எத்துணை நெருங்கியவர் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

தோழரிடமும் சிறுவரிடமும், 'தியேனெஸ் எர்மானோஸ்?' என்பர். 'உனக்கு உடன்பிறந்தோர் உண்டா?' என்பது பொருள். முதியோரிடமும் அறிமுகமற்றோரிடமும், 'தியேனெ உஸ்தேத் எர்மானோஸ்?' என்பர். வினைச்சொல்லின் ஈற்றிலுள்ள 'ஸ்' நீங்கியதும் 'நீ' என்பது 'தாங்கள்' ஆகிவிடுகிறது! 'தங்கள் தயை' எனப் பொருள்படும் 'புவெஸ்திரா மெர்ஸேத்' என்ற பழைய மரியாதைத் தொடரே நாவில் தேய்ந்து 'உஸ்தேத்' ஆயிற்று.

'எர்மானோ' சகோதரன், 'எர்மானா' சகோதரி. ஆனால் 'எர்மானோஸ்' என்னும் பன்மை இருபாலாரையும் தழுவும். ஆகவே ஒருவர் தமக்கு மூன்று எர்மானோஸ் என்றால், மூவரும் ஆண்கள் எனக் கொள்ளலாகாது. அண்ணன், தம்பி எனத் தனிச்சொற்களும் இல்லை. மூத்தவருக்கு 'மயோர்', இளையவருக்கு 'மெனோர்' என அடைமொழி சேர்ப்பர். 'தெங்கோ த்ரெஸ் எர்மானோஸ்' என்றால் சொல்பவரை நீக்கி மூவர். 'ஸோமோஸ் த்ரெஸ் எர்மானோஸ்' என்றால் அவரையும் சேர்த்தே மூவர்.

இச்சொல்லின் பிறப்பும் சுவையானது. லத்தீனில் சகோதரன் 'ஃப்ராத்தெர்'. ஒரே பெற்றோரின் மகன் என வலியுறுத்த 'ஜெர்மானுஸ்' என்ற அடைமொழியைச் சேர்த்தனர். ஸ்பானியர் அந்த அடைமொழியையே 'எர்மானோ' எனப் பெயராக்கிக் கொண்டனர். 'ஃப்ராத்தெர்' என்பதோ துறவியரின் பெயருக்கு முன் வரும் 'ஃப்ராய்' என்ற பட்டமாய் நிலைத்தது.

வழக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும். அர்ஜென்டினாவில் நண்பரை, 'தெனேஸ் எர்மானோஸ்?' என்பர். பலரை ஒருங்கே கேட்கையில், ஸ்பெயினில் நெருங்கியோருக்கு 'தெனெய்ஸ்' என்றும் மற்றோருக்கு 'தியேனென்' என்றும் வேறுபடுத்துவர். லத்தீன் அமெரிக்காவிலோ அனைவருக்கும் 'தியேனென்' ஒன்றே.

ஐயம் எழுந்தால் 'உஸ்தேத்' என்றே தொடங்குங்கள். நெருக்கத்தை விரும்பினால் மூத்தவரே 'நீ என்றே சொல்' என அனுமதிப்பார். உடன்பிறந்தோரைப் பற்றிய வினா ஒருவருடைய இல்லத்துக்குள் நுழையும் வினா. அவர் நேற்றுத்தான் தமையனை இழந்தவராய் இருக்கலாம். தங்கையோடு பேசி ஆண்டுகள் ஆனவராயும் இருக்கலாம். வாயிலில் நின்று, அழைத்தபின் உட்செல்வதன்றோ பண்பு?